யோசனை எங்கே தாமதிக்கிறது? எம்.எஸ். நோயும் வி.ஆர். உடற்பயிற்சியும்

"என் அக்காவுக்கு எம்.எஸ். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிகிறது, சொல்லத்தான் நேரமாகிறது. வி.ஆர். ஹெட்செட் மாட்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்தால் யோசிக்கும் வேகம் கூடும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வி.ஆர். என்பது விர்ச்சுவல் ரியாலிட்டி, கண்முன்னே ஒரு செயற்கை உலகைக் காட்டும் தொழில்நுட்பம். எம்.எஸ். என்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய். உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறையைத் தாக்கிச் சிதைக்கிறது. 2020 மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. பெண்களுக்கே அதிகம் வருகிறது.

மயலின் மின்கசிவைத் தடுக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதிக் கதைதான். நரம்பிழையின் சவ்வு மிக மெல்லியது. அதன் உள்பக்கம் எதிர்மின்னூட்டமும் வெளிப்பக்கம் நேர்மின்னூட்டமும் ஒன்றையொன்று ஈர்த்தபடி தேங்கி நிற்கும். செய்தி நகர வேண்டுமானால் சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து, உள்ளே வரும் சோடியம் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) அந்தத் தேக்கத்தை முதலில் மாற்றியாக வேண்டும். உறையில்லாத இழையில் இது அங்குலம் அங்குலமாக நடக்கிறது. வேகம் வினாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான்.

மயலின் பல சுற்றுகள் சுற்றியதும் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுகின்றன. ஈர்ப்பு குறைகிறது, தேங்கும் மின்னூட்டமும் குறைகிறது. அதனால் சொற்ப அயனிகள் வந்தாலே மின்னழுத்தம் மாறிவிடும். உறைக்கு நடுவே சுமார் 1 மைக்ரோமீட்டர் அகலத்தில் ரான்வியர் கணுக்கள் என்ற இடைவெளிகள் உண்டு. ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு 1000க்கும் மேற்பட்ட சோடியம் வாயில்கள் அங்கே குவிந்திருக்கின்றன. ஒரு கணுவில் நுழைந்த அயனிகளின் விளைவு அடுத்த கணுவை ஏறக்குறைய உடனே எட்டிவிடுகிறது. தடித்த இழைகளில் வேகம் வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். வாயில்களை வழிநெடுக இறைக்காமல் தேவையான இடத்தில் மட்டும் குவித்து வைத்திருக்கும் இந்தச் சிக்கனம், எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

உறை போய்விட்டால்? வெற்றாகிப்போன பகுதியில் தேக்கம் மறுபடி கூடுகிறது. அதைச் சமாளிக்கப் போதுமான வாயில்கள் அங்கே இல்லை. செய்தி தாமதமாகப் போய்ச் சேரும், அல்லது வழியிலேயே அடங்கிவிடும். ஒரு பதில் சொல்வதற்கு மூளையின் பல பகுதிகள் பேசிக்கொள்ள வேண்டியிருப்பதால், சின்னச் சின்னத் தாமதங்கள் கூடிக்கூடிப் பெரிதாகின்றன. இந்த வேகத்தை அளக்க ஒரு எளிய சோதனை உண்டு: 9 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், 90 வினாடிகளில் எத்தனை குறியீடுகளுக்குச் சரியான எண்ணைச் சொல்கிறார்கள் என்று பார்ப்பார்கள். எம்.எஸ். உள்ளவர்களின் சிந்தனைத் திறனில் அதிகம் அடிபடுவது இந்த வேகம்தான். மெதுவாகப் பதில் சொல்பவரை மந்தம் என்றோ அக்கறையில்லாதவர் என்றோ நினைப்பது பெரிய அநியாயம்.

சரி, வி.ஆருக்கு வருவோம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளுக்குச் சில படிகள் விடுபட்ட ஓட்டச் சக்கரம் தரப்பட்டது. கால் வைக்கும் இடத்தைக் கவனித்து ஓடக் கற்றபோது அவற்றின் மூளையில் மயலின் செய்யும் புதிய செல்கள் உருவாவது கூடியது. அந்தச் செல்கள் உருவாகாதபடி மரபணு மாற்றம் செய்யப்பட்ட எலிகள் கற்பதில் பின்தங்கின. அதாவது, வேலை செய்யும் நரம்புப் பாதை தனக்கு வேண்டிய உறையைக் கேட்டு வாங்குகிறது. டிரெட்மில்லில் நடந்தபடியே திரையில் வரும் தடைகளைத் தாண்டுவதும், எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுப்பதும் அதே வகையான பயிற்சிதான். மனித மூளையிலும் வி.ஆர். பயிற்சி இதே வழியில்தான் உதவுகிறது என்பதற்கு இன்னும் நேரடிச் சான்று இல்லை.

பலன்? வெறும் டிரெட்மில்லையும் வி.ஆருடன் கூடிய டிரெட்மில்லையும் ஆறு வாரம் ஒப்பிட்ட ஒரு சோதனையில், யோசித்துக்கொண்டே நடக்கும் திறன் இரு குழுவிலும் மேம்பட்டது. குறியீட்டுச் சோதனையில் வி.ஆர். குழுவே தெளிவாக முன்னேறியது, சுமார் 4 புள்ளிகள். அன்றாட வாழ்வில் உணரக்கூடிய மாற்றம் என்று அந்த அளவை மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் 2023இல் வெளியான, நோய் முற்றிக்கொண்டே போகும் வகையினர் 311 பேரை வைத்து நடந்த கோக்எக்ஸ் ஆய்வில், உடற்பயிற்சியும் மூளைப்பயிற்சியும் சேர்ந்தும்கூட வேகத்தில் கூடுதல் பலன் தரவில்லை. அங்கே உடலுக்கும் மூளைக்கும் பயிற்சி தனித்தனியாகக் கொடுக்கப்பட்டது. வி.ஆரில் இரண்டும் ஒரே கணத்தில் நடக்கின்றன. இந்த வித்தியாசம்தான் காரணமா என்று தெரிய இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும். மருந்துக்குக் காப்புரிமை கிடைக்கும், நடைப்பயிற்சிக்குக் கிடைக்காது. ஆகவே இதற்கு அரசுகள்தான் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகியின் அக்கா தாராளமாக முயலலாம், ஆனால் முதலில் நரம்பியல் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுவிட்டு. உடல் சூடேறினால் சோடியம் வாயில்கள் சீக்கிரமே மூடிக்கொள்ளும். உறையிழந்த பாதை அப்போது தற்காலிகமாகத் தடைபட்டு, பார்வை மங்கலாம், கால் தளரலாம். உடல் குளிர்ந்தால் இது சரியாகிவிடும். மின்விசிறி, குளிர்ந்த நீர், இடையிடையே ஓய்வு அவசியம். நின்றுகொண்டு செய்தால் கைப்பிடி வேண்டும். ஹெட்செட்டில் தலைசுற்றினால் அதைக் கழற்றிவிட்டு, எதிரே பெரிய திரை வைத்தும் இதே பயிற்சியைச் செய்யலாம்.