சிவப்புப் புள்ளி வரும்வரை காத்திருக்காதீர்கள்

மறுபடியும் அதே கதை. முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராமத்தில் பின்னேரம் மூன்று மணிபோல் காட்டோரம் புகை எழும்பியிருக்கிறது. கண்டவர் போனில், செய்மதி கண்ட நெருப்புகளைச் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும் நாசாவின் ஃபேர்ம்ஸ் (FIRMS) வரைபடத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். சிவப்புப் புள்ளி இல்லை. "சற்றலைட்டிலயே ஒண்டும் காட்டேல்லை, ஆரோ குப்பை கொளுத்துகினம்" என்று விட்டுவிட்டார். விடிய நாங்கள் போனபோது வடலிகளும் மூன்று வீட்டுக்காரரின் வேலிகளும் கரிக்கட்டை.

அந்த வரைபடத்தை ஊர் ஊராக அறிமுகப்படுத்துகிறவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

செய்மதி உங்கள் ஊருக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் சிசிரிவி அல்ல. நோவா-20, நோவா-21 போன்ற செய்மதிகள் நம் தலைக்கு மேலால் போவது மத்தியானம் ஒன்றரை மணியளவில் ஒருமுறை, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில் ஒருமுறை. பார்த்தது வரைபடத்தில் ஏற மேலும் மூன்று மணிநேரம் வரை எடுக்கும். மூன்று மணிக்குப் பற்றிய நெருப்பை அது அன்று பின்னேரம் எப்படிக் காட்டும்? இரவுக்குள் அணைந்துவிட்டால் ஒருபோதும் காட்டாது. முகில் மறைத்தாலும், பாலை, வீரை மரங்களுக்குக் கீழே சருகோடு சருகாக ஊர்ந்து எரிந்தாலும் தப்பிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஜப்பானின் வானிலைச் செய்மதி ஹிமாவரி-9 இருக்கிறதே என்பார்கள். இலங்கை அதன் பார்வையின் ஓரத்தில் கிடக்கிறது. சின்ன நெருப்பு அதற்குத் தெரியாது.

புள்ளி வந்தாலும் நெருப்பு சரியாக அந்த இடத்தில்தான் என்றில்லை. செய்மதி பார்ப்பது 375 மீற்றர் சதுரங்களாக. ஒரு சதுரம் ஏறத்தாழ 35 ஏக்கர். புள்ளி விழுவது அதன் நடுவில். "குளத்துக்குள்ள நெருப்பு எரியுதாம்" என்று சிரித்தவர்களுக்கும் இதைத்தான் சொன்னேன்: கரையில் போய்ப் பாருங்கள்.

இந்தத் தரவு வீண் என்று நான் சொல்லவரவில்லை. எந்த எல்லை வருடாவருடம் எரிகிறது, எந்த மாதத்தில் எரிகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எங்களிடம் இல்லை. எரிந்து முடிந்த பரப்பை அளக்க சென்டினல்-2 செய்மதிப் படங்கள் இருக்கின்றன.

ஆனால் கொளுத்துவது நாம்தானே. சேனைப் பயிர்ச்செய்கைக்கு, மாட்டுக்குப் புதுப்புல் முளைக்க, தேன் எடுக்க. சோளகக் காற்று அடிக்கும் நாட்களில் தயவுசெய்து நெருப்பு வைக்காதீர்கள். கட்டாயம் எரிக்கவேண்டுமென்றால் சுற்றிவரப் புல்லைச் செருக்கி, தண்ணீரோடு ஆள் நிற்கவேண்டும், கடைசிப் புகை அடங்கும்வரை. கண்ணிவெடி முழுதாக அகற்றப்படாத காடு எரிந்தால் அணைக்கவென்று உள்ளே இறங்கவே வேண்டாம். சூட்டில் வெடிக்கும்.

புகை கண்டால் கிராம அலுவலருக்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ உடனே அழையுங்கள். எந்தக் குளத்துக்கு எந்தப் பக்கம், காற்று எங்கே அடிக்கிறது, கிட்ட வீடுகள் உண்டா என்று சொல்லுங்கள். வரைபடத்தை அதற்குப் பிறகு திறக்கலாம்.