ராஜ்யசபா சீட்டுக்கு ஏன் 34 எம்.எல்.ஏ.க்கள்?

கூட்டணிப் பேச்சு நடக்கும்போதெல்லாம் "அந்தக் கட்சிக்கு ஒரு ராஜ்யசபா சீட்" என்று செய்தி வரும். கட்சித் தலைமை கையில் வைத்திருந்து கொடுப்பது போலத் தோன்றும். ஆனால் அதற்கும் தேர்தல் உண்டு. ஓட்டுப் போடுகிறவர்கள் நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய எம்.எல்.ஏ.க்கள். அதனால்தான் இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ராஜ்யசபா எனப்படும் மாநிலங்களவையில் இப்போது 245 இடங்கள். 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்; 2022-ல் இளையராஜா போனது அந்த வழியில்தான். மற்ற 233 பேரும் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். தமிழ்நாட்டுக்கு 18, புதுச்சேரிக்கு 1. வயது 30 நிறைந்திருக்க வேண்டும்.

மக்களவை போல இந்த அவை கலைவதில்லை. ஒருவருக்கு 6 ஆண்டு; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். நம் 18 இடங்களும் ஆறு ஆறாகத்தான் காலியாகும். 2019-ல் நிரம்பிய ஆறுக்கு மறுபடி 2025-ல் தேர்தல் வந்தது.

சரி, 34 எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு ஓட்டின் மதிப்பும் 100. எல்லாரும் ஓட்டுப் போட்டால் 234 பேருக்கு 23,400. காலி இடம் ஆறு, அதோடு ஒன்றைக் கூட்டி ஏழால் வகுத்தால் 3,342 சொச்சம். சொச்சத்தை விட்டுவிட்டு ஒன்றைச் சேர்த்தால் 3,343. 33 ஓட்டு வாங்கினால் 3,300தான், போதாது. 34 வேண்டும். இடங்களும் வேட்பாளர்களும் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் ஓட்டுப்பதிவே கிடையாது. 2019, 2020, 2022, 2025 நான்கு முறையும் இங்கே போட்டியின்றியே முடிந்தது.

போட்டி வந்தால் தேர்தல் ஆணையம் தரும் ஊதா நிறப் பேனாவால்தான் 1, 2 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். எழுதிய சீட்டைத் தன் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும், வேறு யாரிடமும் காட்டக்கூடாது. 2017-ல் குஜராத்தில் இரண்டு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் மாற்றுக் கட்சிக்காரரிடம் காட்டியதால் அவர்கள் ஓட்டு செல்லாமல் போனது. 176 ஓட்டு 174 ஆனது. மூன்று இடங்களுக்கான தேர்தல் அது; ஜெயிக்கத் தேவையான 45, 44 ஆக இறங்கியது. காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் வாங்கியிருந்ததும் சரியாக 44.

ஜெயித்த பிறகும் கட்டுப்பாடு உண்டு. அனுமதி வாங்காமல் 60 நாள் கூட்டங்களுக்கு வராவிட்டால் அந்த இடம் காலி என்று அவை அறிவிக்கலாம்.

உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தலில் வருகிறவருக்கு மிச்சக் காலம் மட்டும்தான். அங்கே கணக்கும் மாறிவிடும். ஒரே இடம் என்பதால் 23,400-ஐ இரண்டால் வகுக்க வேண்டும். 118 ஓட்டு தேவை. அதாவது சட்டமன்றத்தில் பெரும்பான்மை. 2021-ல் அ.தி.மு.க. உறுப்பினர் முகமது ஜான் இறந்தபின் அந்த இடம் தி.மு.க.வின் எம்.எம்.அப்துல்லாவுக்குப் போட்டியின்றிப் போனது அப்படித்தான். 2025 ஜூலையில் அவரும் அந்த ஆறு பேரில் ஒருவராக ஓய்வு பெற்றார்.