‘நகர மாநிலம்’ என்று எழுதாதீர்கள்

வியாசர்பாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலை நேரத்தில் போட்டித் தேர்வு வகுப்பு நடத்துகிறோம். போன வாரம் உலக வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு அச்சுத்தாள் வந்தது. 1965ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்தவை, தேதி வாரியாக. யாரோ ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். முதல் வரியிலேயே ‘சிங்கப்பூர் என்னும் நகர மாநிலம்’. நான் அடுத்த பத்திக்குப் போவதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். “மிஸ், சிங்கப்பூர் எந்த நாட்டு மாநிலம்?” நான் வாய் திறக்கும் முன் பின்னாலிருந்து ஒரு பையன், “மலேசியாவோடது” என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. மாநிலம் என்று எழுதியிருந்தால் எந்த நாட்டு மாநிலம் என்ற கேள்வி வரத்தான் செய்யும். அவன் சொன்ன பதிலும் ஒரு காலத்தில் சரியாக இருந்ததுதான். 1963 செப்டம்பர் 16 அன்று மலாயா, சபா, சரவாக்கோடு சேர்ந்து மலேசியா உருவானபோது சிங்கப்பூர் அதில் ஒரு மாநிலம். 1965 ஆகஸ்ட் 9 அன்று கோலாலம்பூர் நாடாளுமன்றம் 126 வாக்குகளோடு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல், அதைப் பிரித்து அனுப்பியது. இரண்டு ஆண்டுகூட முழுதாக மாநிலமாக இருக்கவில்லை. அந்த ஆண்டின் பெரிய செய்தியே சிங்கப்பூர் மாநிலமாக இருந்தது முடிந்து நாடானது என்பதுதான். அதைச் சொல்லும் வரியிலும் ‘சுதந்திர நகர மாநிலம் ஆனது’ என்று எழுதியிருந்தால் படிக்கிற பிள்ளைக்கு என்ன புரியும்?

இந்தச் சொல்லைச் செய்திகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் பல நாளாகப் பார்த்து வருகிறேன். வகுப்பில் அந்தக் கேள்வி வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மூலச் சொல்லை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘சிட்டி ஸ்டேட்’. பழைய கிரேக்கத்தின் ஏதென்ஸ், ஸ்பார்ட்டா போன்றவற்றைப் பற்றி எழுத 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த கூட்டுச்சொல். கிரேக்கர்களே அவற்றைப் ‘பொலிஸ்’ என்றார்கள். ‘ஸ்டேட்’ என்பது லத்தீனின் ‘ஸ்டாட்டுஸ்’, அதாவது நிலை. ஒரு நகரமும் அதைச் சுற்றியுள்ள நிலமும் தன்னைத் தானே ஆண்டுகொண்டு, மேலே வேறு எந்த அரசும் இல்லாமல் இருந்தால் அது சிட்டி ஸ்டேட். இன்று சிங்கப்பூர், மொனாக்கோ, வத்திக்கான் மூன்றையும் அப்படிச் சொல்வார்கள்.

‘ஸ்டேட்’ ஆங்கிலத்தில் இரண்டு வேலை பார்க்கிறது என்பதுதான் சிக்கல். முழு இறையாண்மை உள்ள நாடும் ஸ்டேட், ஒரு கூட்டாட்சிக்குள் அடங்கிய பகுதியும் ஸ்டேட். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. பழந்தமிழில் மாநிலம் என்றால் பெரிய நிலம், உலகம். நற்றிணையின் கடவுள் வாழ்த்து ‘மாநிலஞ் சேவடி யாக’ என்று உலகத்தையே இறைவனின் பாதமாகப் பாடுகிறது. இன்று அந்தப் பொருளில் யாரும் பேசுவதில்லை. மாகாணம், இராஜ்யம் என்ற சொற்கள் நம் ஊரில் வழக்கொழிந்து மாநிலம் நிலைபெற்ற பிறகு அதற்கு ஒரே பொருள்தான்: ஒரு நாட்டுக்குள் இருக்கும் பகுதி.

தெருவில் பேசுவதைக் கேட்டாலே இது தெரியும். எண்ணூர்ப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார் பிள்ளைகளை எல்லோரும் ‘வெளிமாநிலத்துப் பசங்க’ என்கிறார்கள். ராயபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்காவின் மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். அந்த அக்கா ஒருநாளும் ‘பையன் வெளிமாநிலத்துல இருக்கான்’ என்று சொன்னதில்லை. ‘வெளிநாட்டுல இருக்கான்’ என்பார். மண்ணடியில் டிக்கெட் போடுகிற கடையில் போய் வெளிமாநிலம் என்றால் ரயிலா, பஸ்ஸா என்பார்கள். வெளிநாடு என்றால் முதலில் பாஸ்போர்ட்டை எடுக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்த அக்காவுக்குத் தெளிவாகத் தெரிந்த வேறுபாடு, படித்து மொழிபெயர்ப்பவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

தண்ணீரை வைத்தும் பார்க்கலாம். நம் புழல் ஏரிக்கு ஆந்திராவின் கண்டலேறிலிருந்து பூண்டி வழியாகக் கிருஷ்ணா நீர் வருகிறது. வேறு மாநிலத்துத் தண்ணீர்தான். தகராறு வந்தால் கேட்க தில்லி இருக்கிறது, உச்ச நீதிமன்றம் இருக்கிறது. சிங்கப்பூருக்குப் பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. அதற்கு 1961, 1962 ஆண்டுகளில் ஒப்பந்தம் போட்டார்கள். 1965 ஆகஸ்ட் 8 வரை அந்தக் குழாயின் இரண்டு முனையும் ஒரே நாட்டில் இருந்தன. மறுநாள் காலை ஒரு முனை வெளிநாடு. குழாய் அதே குழாய், தண்ணீர் அதே தண்ணீர். ஆனால் இரண்டு பேருக்கும் மேலே இருந்து கேட்க யாரும் இல்லை. அதனால்தான் அந்தத் தண்ணீர் ஒப்பந்தங்களைக் காப்பதாகப் பிரிவினை உடன்படிக்கையிலேயே எழுதி வாங்கினார்கள். மாநிலத்துக்கும் நாட்டுக்கும் உள்ள தூரம் இதுதான். அதை ஒரு சொல்லில் அழித்துவிடக் கூடாது.

மலாய் மொழிக்காரர்கள் இதில் நம்மைவிடக் கவனமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘நெகாரா’ என்றால் நாடு, ‘நெகிரி’ என்றால் மாநிலம். இரண்டும் வடமொழியின் நகர, நகரீ என்ற சொற்களிலிருந்து போனவை. நமக்கு ஊராகவே நின்றுவிட்ட சொல் அங்கே நாடாக வளர்ந்திருக்கிறது! ஒரே வேரிலிருந்து வந்த இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்வதில்லை.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அகராதியில் ஸ்டேட் என்றால் மாநிலம் என்றுதானே இருக்கிறது” என்றார். அகராதியில் நாடு, அரசு, நிலை என்றும் இருக்கிறது. இடம் பார்த்து எடுப்பதுதானே மொழிபெயர்ப்பு? அப்புறம் அவர், “தமிழ்நாடு ஒரு மாநிலம், அதன் பெயரில் நாடு இருக்கிறதே, அப்படியானால் நாடும் மாநிலமும் ஒன்றுதானே” என்றார். இதை நான் ஏற்கவே மாட்டேன். தமிழ்நாடு என்பது இயற்பெயர். இயற்பெயருக்குள் இருக்கும் சொல்லை வைத்துப் பொதுச்சொல்லின் பொருளை முடிவு செய்யக் கூடாது. வள்ளலார் நகர் என்று பெயர் இருப்பதால் அது தனி நகரம் ஆகிவிடாது. தமிழ்நாடு எது என்று கேட்டால் அவரே ‘இந்தியாவின் ஒரு மாநிலம்’ என்றுதான் எழுதுவார்.

நகர மாநிலம் என்ற சொல்லையே தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் இருக்கிறது. ஜெர்மனியில் பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் மூன்றும் நகரங்களாகவும் இருக்கின்றன, கூட்டாட்சியின் மாநிலங்களாகவும் இருக்கின்றன. அவற்றை நகர மாநிலம் என்றால் மிகச் சரி. அதே பெயரைச் சிங்கப்பூருக்கும் வைத்தால் பெர்லினை எப்படிப் பிரித்துச் சொல்வது?

அடுத்தது ‘நகர அரசு’. ஏதென்ஸைப் பற்றிய பாடங்களில் இது வருகிறது, அங்கே பெரிய கெடுதல் இல்லை. ஆனால் இன்றைய தமிழில் அரசு என்றால் ஆட்சி நடத்துகிறவர்கள். ‘சிங்கப்பூர் நகர அரசு அறிவித்தது’ என்று படித்தால் ஏதோ மாநகராட்சி வரி அறிவிப்பு போலத் தோன்றுகிறது. ‘நகர அரசில் வாழும் மக்கள்’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் நிற்காது. அரசில் யாரும் வாழ்வதில்லை.

ஆகவே நகர நாடு. இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அது படித்தவர்களிடமிருந்து வருகிற நல்ல மறுப்பு. சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது பல உழவர் ஊர்கள் சேர்ந்த பகுதி, நகரம் என்பது வணிகர்களின் ஊர். நாட்டார் வேறு, நகரத்தார் வேறு. இன்றும் நாட்டுப்புறம், நாட்டுக்கோழி என்கிறோம். எதிரெதிரான இரண்டையும் ஒட்டலாமா என்பார்கள். குறளும் ‘நாடென்ப நாடா வளத்தன’ என்கிறது. தண்ணீருக்கே வெளியே போக வேண்டியிருந்த ஊரை வள்ளுவர் நாடு என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் இன்று நாடு என்றால் கொடி, பாஸ்போர்ட், ஐ.நா.வில் ஓர் இருக்கை. 1965 செப்டம்பர் 21 அன்று சிங்கப்பூர் ஐ.நா.வின் 117ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. மாநிலங்களுக்கு அங்கே இடம் கிடையாது. மேலும் நகரமும் நாடும் எதிரெதிராக நிற்பதுதான் இந்தச் சொல்லுக்கு அழகு. வயலும் காடும் மலையும் இல்லாமல் ஒரே ஓர் ஊர் நாடாக நிற்கிறது என்ற வியப்பு அந்த இரண்டு சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

நகரம் வடசொல், அதனால் ‘பேரூர் நாடு’ என்று எழுத வேண்டும் என்பவர்களும் உண்டு. தனித்தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் பேரூர் என்றதும் நம் மக்களுக்குப் பேரூராட்சி நினைவுக்கு வரும், அது நகராட்சியைவிடச் சின்னது. தெளிவைக் கெடுக்கிற தூய்மை எனக்கு வேண்டாம்.

அந்த ஒரு தாளில் இந்தப் பிழை ‘நகர மாநிலம்’ என்பதோடு நிற்கவில்லை. யூசுஃப் இஷாக் ‘மாநிலத் தலைவராக’ இருந்தவராம். அவர் வகித்த பதவியின் மலாய்ப் பெயரிலேயே ‘நெகாரா’ இருக்கிறது. நாட்டுத் தலைவர் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? டிசம்பரில் வந்த சட்டம் அவரைக் குடியரசுத் தலைவர் ஆக்கியது, ஆகஸ்ட் 9 முதலே செல்லும்படி. அதே டிசம்பரில் வந்த இன்னொரு சட்டம் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழையும் சிங்கப்பூரின் ஆட்சிமொழி என்று எழுதிவைத்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இங்கே உயிர் போன அதே ஆண்டில், கடலுக்கு அப்பால் ஒரு நாடு தன் சட்டத்தில் தமிழுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்த நாட்டைத் தமிழில் எழுதும்போது மாநிலம் என்று எழுதுகிறோமே, எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த வகுப்பில் எல்லோரும் பேனாவை எடுத்தோம். மாநிலம் என்று வந்த ஒவ்வொரு இடத்தையும் நிறுத்திப் படித்து, இது நாடா மாநிலமா என்று பிள்ளைகளையே கேட்டேன். ‘மலேசியாவின் மாநிலமாக இருந்த சிங்கப்பூர்’ என்ற வரி வந்தபோது அந்தப் பையன் முதலில் அடித்துவிட்டான். அப்புறம் யோசித்து, அடித்ததற்கு மேலேயே மாநிலம் என்று திரும்ப எழுதினான்.