சூடானால் நின்றுவிடும் கார்

இருபது நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் சிக்னலில் நிற்கும்போது பொட்டென்று அணைந்துவிடும். எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். 1970களிலும் 80களிலும் வந்த அமெரிக்க கார்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூத்து பழக்கம். எனக்கு முதலில் சந்தேகம் வருவது இக்னிஷன் மாட்யூல் மேல்தான்.

அதன் வேலை, காயிலுக்கு, அதாவது பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் கம்பிச் சுருளுக்கு, போகும் 12 வோல்ட் மின்சாரத்தைச் சட்டென்று துண்டிப்பது. துண்டித்த கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரியும். மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்று சுற்றிய இன்னொரு சுருளில் 20,000 வோல்ட்டும் அதற்கு மேலும் எழும். அதுதான் பிளக்கில் பொறியாகிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், நொடிக்கு 200 தடவை இது நடக்க வேண்டும். முன்பு 'பாயிண்ட்' என்ற, திறந்து மூடும் உலோகத் தொடுமுனை செய்த வேலை. அது கருகும், தேயும், இடைவெளி மாறும். அந்த இடத்துக்கு டிரான்சிஸ்டர் வந்தது. தேய்மானம் போனது, சூடு வந்து உட்கார்ந்துகொண்டது.

மாட்யூல் இருக்கும் இடமும் அந்தச் சூட்டுக்குத் தோதாகவே அமைந்தது. கிரைஸ்லர் அதை எஞ்சின் அறையின் சுவரில் தள்ளி மாட்டியது, அது தேவலை. ஜெனரல் மோட்டார்ஸின் எச்இஐ என்ற இக்னிஷன் அமைப்பில் டிஸ்ட்ரிபியூட்டரின் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) மூடியையும் உள்ளே சுழலும் ரோட்டாரையும் கழற்றினால், அடியில் இரண்டு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும். ஃபோர்டின் டிஎஃப்ஐ என்ற வகை மாட்யூலோ டிஸ்ட்ரிபியூட்டரின் வெளிப்பக்கத்தில், கொதிக்கும் எஞ்சினை ஒட்டியே தொங்கும். அதன் ஸ்க்ரூவுக்கு 5.5 மி.மீ. மெல்லிய சாக்கெட் வேண்டும். ஸ்க்ரூ வந்ததும் நேராக வெளியே இழுக்காதீர்கள். கீழ்நோக்கி நழுவவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மூன்று பின்களும் வளைந்துபோகும்.

கழற்றிய மாட்யூலின் முதுகைப் பாருங்கள். ஒரு காலத்தில் பசையாக இருந்தது சுண்ணாம்புபோல் காய்ந்து உதிரும். சூட்டை உலோக உடம்புக்குக் கடத்துவது அந்தப் பசைதான். பழையதைச் சுரண்டித் துடைத்துவிட்டு, புதிதாக மெல்லிசாகப் பூசாமல் மாட்டினால் புது மாட்யூலும் சீக்கிரம் போய்விடும். பெரும்பாலும் டப்பாவிலேயே ஒரு சின்னப் பொட்டலம் வரும். அதைக் குப்பையில் போடுகிறவர்களை என்ன சொல்ல!

வாங்குவதற்கு முன் ஒன்று. ஆறிய மாட்யூலைக் கடை மேசையில் வைத்துச் சோதித்தால் பாஸ் ஆகிவிடும். ஹேர் டிரையரால் சூடேற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். எச்இஐயாக இருந்தால், எப்போது துண்டிக்க வேண்டும் என்று மாட்யூலுக்குச் சைகை தரும் பிக்அப் காயிலின் இரண்டு ஒயர்களையும் அசைத்துப் பார்த்தபடி மீட்டரில் அளக்க வேண்டும். 500 முதல் 1,500 ஓம் காட்டி அசையாமல் நின்றால் சரி. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம், எஞ்சினின் உறிஞ்சுவிசையால் பொறியின் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் அந்த ஒயர்களை முன்னும் பின்னும் இழுக்கும். வெளித்தோல் பத்திரமாக இருக்க, உள்ளே செம்பு முறிந்திருக்கும்.