ரூப்ரிக்: செங்காவியிலிருந்து கட்டுரைக் கொப்பி வரை

கொழும்பில் ஆசிரியர்கள் கூடிப் பேசும் இடங்களில் 'கட்டுரைக்கு ரூப்ரிக் போட்டாச்சா?' என்ற கேள்வி இப்போது சாதாரணமாகக் காதில் விழுகிறது. பிள்ளையின் எழுத்தில் எது எவ்வளவு கைகூடியிருக்கிறது என்று பார்க்க உதவும் அட்டவணையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இடப்பக்கத்தில் பொருள், ஒழுங்கு, மொழிநடை, எழுத்துப்பிழை என்று நாம் பார்க்கும் அம்சங்கள் இருக்கும். மேலே மூன்று நான்கு மட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அந்த மட்டத்து எழுத்து எப்படி இருக்கும் என்று ஒரு வரி.

அந்த வரிதான் இதற்கு உயிர். 'காலி முகத்திடலில் ஒரு மாலை' என்று தரம் 8 வகுப்பில் தலைப்புக் கொடுக்கிறோம். ஒரு பிள்ளை பிழையே விடாமல் 'கடல் அழகாக இருந்தது, மிகவும் மகிழ்ந்தோம்' என்று எழுதுகிறது. இன்னொன்று, இஸ்ஸோ வடை சுற்றி வந்த காகிதத்தைக் காற்று பறித்துக்கொண்டு போனதையும் தம்பி பின்னால் ஓடியதையும் எழுதுகிறது. ஆனால் ரகர றகரம் முழுக்க மாறிக் கிடக்கிறது. இரண்டுக்கும் 60 புள்ளி விழலாம். அந்த 60 இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றுமே சொல்லாது. அட்டவணையோ முதல் பிள்ளைக்கு 'கண்டதை எழுது' என்றும், இரண்டாவது பிள்ளைக்கு 'உன் கண் கூர்மையானது, எழுத்தை மட்டும் பார்த்துக்கொள்' என்றும் சொல்லிவிடுகிறது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'ரூபெர்' என்றால் சிவப்பு, 'ரூப்ரிக்கா' என்றால் சிவப்பு மண், அதாவது நம் செங்காவி. ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளில் தலைப்புகளைச் சிவப்பு மையால் எழுதினார்கள்; அந்தத் தலைப்புக்கே மையின் பெயர் ஒட்டிக்கொண்டது. கிறிஸ்தவ வழிபாட்டு நூல்களில் குருவானவர் சொல்ல வேண்டியது கறுப்பிலும், செய்ய வேண்டியது சிவப்பிலும் இருக்கும். அப்படித்தான் 'அறிவுறுத்தல்' என்ற பொருள் வந்தது. 'எல்லா வினாக்களுக்கும் விடை எழுதுக' என்று வினாத்தாளின் தலையில் வருவதையும் ஆங்கிலேயர் இதே சொல்லால்தான் குறிப்பார்கள். மதிப்பிடும் அட்டவணை என்ற பொருள், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வகுப்பறைகள் வழியாகப் பரவியது.

தமிழிலும் செம்மை என்றால் சிவப்பு, செம்மை என்றால் திருத்தம். இரு மொழிகளுக்கும் இதில் உறவில்லை. ஆனாலும் சிவப்புப் பேனையோடு கொப்பி திருத்தும் எனக்கு அந்தப் பொருத்தம் மிகவும் பிடிக்கும்.

தமிழில் என்ன சொல்வது? 'புள்ளித்திட்டம்' என்று சிலர் சொல்கிறார்கள். அது வேறு. எந்த விடைக்கு எத்தனை புள்ளி என்பதைத்தான் புள்ளித்திட்டம் சொல்லும். எழுத்தின் தன்மையை அது விவரிக்காது. தமிழ்நாட்டில் வழங்கும் 'அளவுகோல்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கோல் ஒரே கோட்டில் அளப்பது. இங்கே நான்கு அம்சங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறோம். 'தர அட்டவணை' இலங்கையில் சரிவராது; தரம் என்றதும் வகுப்புத்தான் நினைவுக்கு வரும்.

நம் ஆசிரியர் வழிகாட்டிகளில் கணிப்பீடு, நியதி என்ற இரண்டு சொற்களும் ஏற்கெனவே பழகியவை. எதைப் பார்க்கிறோமோ அது நியதி. ஆகவே 'கணிப்பீட்டு நியதி அட்டவணை' என்பதே பொருத்தம் என்பேன். வகுப்பில் சுருக்கமாக 'நியதி அட்டவணை' போதும். நியதி வடசொல்தான், ஊழ் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படி விளங்கிக்கொள்வதில்லை.

பெயர் எதுவானாலும் கட்டத்துக்குள் இருக்கும் வரி பிள்ளைக்கு விளங்க வேண்டும். 'விவரணை போதாது' என்று எழுதினால் தரம் 8 பிள்ளை விழிக்கும். 'கண்ட ஒன்றையாவது, கேட்ட ஒன்றையாவது எழுதியிருக்கிறேன்' என்று அதன் வாயாலேயே எழுதி, கட்டுரை தொடங்குமுன் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டிக் கொடுங்கள். எழுதி முடித்ததும் முதலில் அதுவே பார்த்து அடையாளம் போடட்டும். அப்புறம் நம் சிவப்புப் பேனை.