டாக்டர் கம்ப்யூட்டர்ல தேடுறப்ப உள்ள என்ன நடக்குது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாரு: "சுகருக்கு பார்க்கப் போனேன், பாதம் ரெண்டும் மரத்துப் போகுதுன்னு சொன்னதும் டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ டைப் பண்ணி படிச்சுட்டு அப்புறம்தான் டெஸ்ட் எழுதினாரு. அவருக்கே தெரியாதா? அதுக்கு நானே கூகுள் பண்ணிக்கலாமே?"

எனக்கு அந்த டாக்டர் மேல மரியாதைதான் வருது. சந்தேகம் வந்தும் தேடாம விடுறதுதான் உலகம் முழுக்க இருக்கற பிரச்சனை. 1999ல வந்த ஒரு பிரபல ஆய்வு, அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல 103 குடும்ப டாக்டர்கள் நோயாளி பார்க்கும்போது அவங்களுக்கு வந்த கேள்விகளை குறிச்சு வச்சாங்க, மொத்தம் 1,101 கேள்வி, அதுல 64 சதவீதத்துக்கு பதில் தேடவே இல்ல. தேடினதுக்கும் சராசரியா ரெண்டு நிமிஷத்துக்கு கம்மியாதான் செலவு பண்ணியிருக்காங்க. வெளிய க்யூ நிக்குது, என்ன பண்ணுவாங்க.

அந்த ரெண்டு நிமிஷத்துல நிறைய பேர் போறது அப்டுடேட் மாதிரி மருத்துவ வெப்சைட்டுக்கு. பர்ட்டன் ரோஸ்னு ஒரு கிட்னி டாக்டர் 1992ல ஆரம்பிச்சது, அந்தந்தத் துறை நிபுணர்களே ஆய்வுகளைப் படிச்சு சுருக்கி எழுதி வச்சிருப்பாங்க, பணம் கட்டணும். அதுலயும் தெளிவு கிடைக்கலன்னா பப்மெட், அதாவது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுற வெப்சைட். இதோட வேர் ரொம்ப பழசு, 1879ல ஜான் ஷா பில்லிங்ஸ்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர் மருத்துவக் கட்டுரைகளுக்கு இண்டெக்ஸ் மெடிக்கஸ்னு மாசாமாசம் ஒரு பட்டியல் அச்சடிக்க ஆரம்பிச்சாரு, 1964ல அது கம்ப்யூட்டருக்குப் போச்சு, 1997ல பப்மெட்டா எல்லாருக்கும் ஃப்ரீ ஆச்சு. இன்னைக்கு 3.5 கோடிக்கு மேல கட்டுரை விவரம் இருக்கு, நீங்களும் நானும் கூட போய் பார்க்கலாம்.

சரி, இத்தனை கோடியில தேடுறது எப்படி? எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான்.

ஒரே வியாதிக்கு ஒரு ஆராய்ச்சியாளர் ஹார்ட் அட்டாக்னு எழுதுவாரு, இன்னொருத்தர் மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்னு எழுதுவாரு. வார்த்தையை மட்டும் வச்சுத் தேடினா பாதி கட்டுரை கைக்கு வராது. அதனால 1960ல இருந்து மெஷ்னு ஒரு தலைப்புப் பட்டியல் வச்சிருக்காங்க, இப்போ சுமார் 30,000 தலைப்பு. எழுதினவர் என்ன வார்த்தை போட்டிருந்தாலும் சரி, கட்டுரைக்கு அந்த ஒரே தலைப்பை ஒட்டிருவாங்க. பல வருஷம் இதை மனுஷங்கதான் பண்ணாங்க, ஆளு உட்கார்ந்து கட்டுரையைப் படிச்சு இது எதைப் பத்தினதுன்னு முடிவு பண்ணி பத்து பதினஞ்சு தலைப்பு கொடுப்பாங்க, அதுல எது முக்கியமோ அதுக்கு ஒரு நட்சத்திரக் குறி. 2022ல இருந்து பெரும்பாலும் சாஃப்ட்வேர் பண்ணுது, மனுஷங்க சரிபார்க்கறாங்க.

இந்தத் தலைப்பெல்லாம் வம்சாவளி மாதிரி கிளை கிளையா இருக்கும். நம்ம வாசகர் கேஸையே எடுத்துக்கலாம். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்களுக்கு, அதுவும் வருஷக்கணக்கா சாப்பிட்டா, குடல்ல வைட்டமின் பி12 உறிஞ்சப்படறது குறையலாம். பி12 குறைஞ்சாலும் கால் மரத்துப் போகும், சுகராலயும் மரத்துப் போகும், வெளிய இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி. டாக்டர் "பி12 குறைபாடு"ன்னு தேடினா அந்தத் தலைப்புக்குக் கீழ பி12ஐ உடம்பு உறிஞ்ச முடியாம வர்ற பர்னிஷியஸ் அனீமியாங்கற ரத்தசோகை இருக்கு, தண்டுவடத்தை பாதிக்கற சப்அக்யூட் கம்பைன்ட் டிஜெனரேஷன் இருக்கு, அந்தக் கிளைகளையும் பப்மெட் தானாவே விரிச்சு சேர்த்துக்கும். அவர் அந்த நீளப் பேரை டைப் பண்ணவே வேண்டாம், ஞாபகம் கூட இருக்க வேண்டாம்!

அதோட ஒவ்வொரு தலைப்புக்கும் உபதலைப்பு உண்டு. மெட்ஃபார்மின் மருந்தா வேலை செய்யறதைப் பத்தின கட்டுரைக்கு "சிகிச்சைப் பயன்பாடு"ன்னு ஒட்டியிருக்கும், அதே மெட்ஃபார்மின் தொந்தரவு கொடுக்கறதைப் பத்தினதுக்கு "பாதக விளைவு"ன்னு ஒட்டியிருக்கும். மெட்ஃபார்மினைப் பத்தி ஆயிரக்கணக்குல கட்டுரை இருக்கு, பாதக விளைவு மட்டும் கொடுன்னு சொல்லி கூடவே பி12 குறைபாட்டையும் "அண்ட்" போட்டு இணைச்சா குவியல் சட்டுனு சின்னதாயிரும். 1960கள்ல யாரோ யோசிச்சு வச்ச ஏற்பாடு இன்னைக்கு ஒரு நோயாளியோட பாதத்தைக் காப்பாத்துதுன்னா அதுல வர்ற சந்தோஷமே தனி.

சாதாரணமா சர்ச் பாக்ஸ்ல ஹார்ட் அட்டாக்னு அடிச்சாலும் பப்மெட் அதை உள்ளுக்குள்ள மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் தலைப்புக்கு மாத்தி, கூடவே நீங்க அடிச்ச வார்த்தைகளையும் சேர்த்துத் தேடும். எப்படி மாத்துச்சுன்னு அட்வான்ஸ்ட் பக்கத்துல போய் பார்க்கலாம். ஆனா மேற்கோள் குறிக்குள்ள போட்டு அடிச்சீங்கன்னா இந்த மாத்தற வேலை நின்னுரும், எழுத்துக்கு எழுத்து அதையே தேடும். துல்லியமா தேடுறோம்னு நினைச்சு மேற்கோள் குறி போட்டு பாதி கட்டுரையைத் தொலைக்கறவங்க நிறைய.

கிடைச்சதுல எதை நம்பறது? அதுக்கும் ஒட்டி வச்சிருக்காங்க, இது நோயாளிகளை குலுக்கல் மாதிரி குழுவா பிரிச்சு ஒப்பிடற ராண்டமைஸ்ட் ட்ரயல், இது பல ஆய்வுகளோட முடிவைச் சேர்த்துக் கணக்கு போடற மெட்டா அனாலிசிஸ், இது ஒரே ஒரு நோயாளியைப் பத்தின கேஸ் ரிப்போர்ட்னு வகை பிரிச்சு. வாபஸ் வாங்கின கட்டுரைன்னா அந்தப் பக்கத்தோட மேலயே எச்சரிக்கை போட்டிருக்கும். தடுப்பூசியால ஆட்டிசம் வருதுன்னு கிளப்பி விட்ட 1998 வேக்ஃபீல்ட் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட்ங்கற மருத்துவ ஜர்னலே 2010ல வாபஸ் வாங்கிருச்சு, பப்மெட்ல அதைத் திறந்தா அந்த எச்சரிக்கைதான் முதல்ல கண்ணுல படும். அதே கட்டுரை வாட்ஸாப்ல சுத்தும்போது அந்த எச்சரிக்கை கூட வர்றதில்ல, இன்னும் அதை நம்பி குழந்தைக்கு ஊசி போடாம இருக்கற பெத்தவங்களை நினைச்சா வயிறு எரியுது.

அப்புறம் படிச்சதை எதிர்ல உட்கார்ந்திருக்கறவருக்குப் பொருத்தணும், கூகுளுக்கும் டாக்டருக்கும் வித்தியாசம் இங்கதான். எத்தனை வருஷமா மெட்ஃபார்மின், என்ன டோஸ், சைவமா, ரத்தசோகை இருக்கா, பாதத்துல ட்யூனிங் ஃபோர்க் வச்சா அதிர்வு தெரியுதா, இதையெல்லாம் பார்த்துட்டுதான் பி12 டெஸ்ட் எழுதறாரு. அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திராதீங்க, சுகர் ஏறிரும், பி12 குறைவுன்னு வந்தா ஊசியோ மாத்திரையோ போட்டு சரி பண்ணிக்கலாம்.

ஒரே ஒரு ஆதங்கம். பப்மெட்ல சுருக்கம்தான் எல்லாருக்கும் ஃப்ரீ, முழுக் கட்டுரை நிறைய இடத்துல காசு. சுருக்கத்தை மட்டும் படிச்சு முடிவெடுக்கறது ஆபத்து, எத்தனை பேர் ஆய்வுல இருந்து பாதியில விலகினாங்கங்கற மாதிரி விஷயமெல்லாம் உள்ளதான் இருக்கும். 2007ல இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆர் காசு கட்டி, சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து அலசி வச்சிருக்கற காக்ரேன் லைப்ரரியை இந்தியாவுல யார் வேணா படிக்கலாம்னு பண்ணுச்சு, அருமையான வேலை. 2024 நவம்பர்ல மத்திய அரசு மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ஒதுக்கி ஒரே நாடு ஒரே சந்தான்னு சுமார் 13,000 ஜர்னலைப் படிக்க வழி பண்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தாங்க, ஆனா அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆராய்ச்சி மையங்களுக்கும்தான். சின்ன ஊர்ல தனியா கிளினிக் வச்சு ராத்திரி பத்து மணி வரைக்கும் நோயாளி பார்க்கற எம்பிபிஎஸ் டாக்டர் அதுல இல்ல. மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணை வச்சே அவருக்கும் ஒரு லாகின் கொடுக்கலாம், அடுத்த கட்டத்துலயாவது அவங்களை சேர்க்கணும்.