தயவுசெய்து ஏர் ஃபில்டரை ஊதாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை ஒரு தம்பி தன் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். 400 சிசியை ஒட்டிய ஒற்றை சிலிண்டர் வண்டி. இரண்டு பக்கமும் சாமான் பெட்டி, ஹேண்டில்பாரில் நைந்துபோன லடாக் கொடிகள். ஓடியது 19,000 கிலோமீட்டர்தான். ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நீலப் புகை வருகிறது. ஆயில் பார்க்கிற கண்ணாடியில் ஆயிலே தெரியவில்லை. "ஒரு சர்வீஸ்கூடத் தவறவிடவில்லை அண்ணா. வழியில் ஏர் ஃபில்டரைக்கூட நானே கழற்றிச் சுத்தம் செய்தேன்" என்றார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டுகிற ஃபில்டர் இருக்கிற பெட்டிதான் ஏர்பாக்ஸ். அதன் மூடியைத் திறந்து, ஃபில்டரைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்தேன். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது எஞ்சினுக்குள் போகிற சுத்தமான பக்கத்தில், ரப்பர் குழாயின் உள்சுவரில் சாம்பல் நிறத் தூசி ஒரு விரல் அகலத்துக்குக் கோடாகப் படிந்திருந்தது. தொட்டால் மைதா மாவு மாதிரி. கோடு தொடங்கிய இடத்துக்கு நேரே ஃபில்டரின் ரப்பர் விளிம்பு உள்பக்கமாக மடிந்து உட்கார்ந்திருந்தது. மடிப்பின் நீளம் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. பிறகு ஃபில்டரை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். காகித மடிப்புகளுக்கு நடுவே ஊசி குத்தியதுபோல மூன்று இடங்களில் வெளிச்சம் தெரிந்தது.

இந்த வருடம் இப்படி என்னிடம் வந்த நான்காவது வண்டி இது. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். லடாக்கில் கார்துங் லா கணவாய் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் "ஃபில்டர் அடைத்திருக்கும்" என்றார். லே நகரத்தில் ஒரு பஞ்சர் கடையில் ஃபில்டரைக் கழற்றி, டயருக்குக் காற்றுப் பிடிக்கிற குழாயால் ஊதி, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். கார்துங் லா 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். நமக்கே நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற இடத்தில் வண்டிக்கும் வாங்கத்தான் செய்யும். கீழே இறங்கினால் தானாகச் சரியாகிவிடும். ஃபில்டரின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நன்றாக இருந்த ஃபில்டரைக் கெடுத்து, அதோடு வேலை நடக்கிற மண் சாலைகளில் லாரிகளின் பின்னாலேயே ஓட்டி, கோயம்புத்தூர்வரை வந்து சேர்ந்திருக்கிறார்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 300 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. லடாக் போய்த் திரும்ப 7,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 21 லட்சம் லிட்டர். அவ்வளவு காற்றும் உங்கள் சீட்டுக்கு அடியில் இருக்கிற ஒரு காகிதத் துண்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் காகிதத்தில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பல வருடங்களாக வாய் வலிக்கச் சொல்லியும் ஏறாத ஒன்றுக்கு வருகிறேன். எல்லோரும் அழுக்கு ஃபில்டரைக் கண்டு பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது ஒழுகுகிற ஃபில்டருக்கு. அடைத்துப்போன ஃபில்டரால் பிக்கப் குறையும், மேட்டில் கியரைக் குறைக்க வேண்டிவரும். புதிது மாட்டினால் அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடும். ஒழுகுகிற ஃபில்டரோ எந்த அறிகுறியும் காட்டாது. வண்டி முன்னைவிட நன்றாக இழுப்பதுபோலக்கூடத் தோன்றும். உள்ளே மண் போய்க்கொண்டிருக்கும். மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் கத்தி இரும்பையே கீறுகிற கடினம் உள்ளது. அது சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலோடு கலந்தால், வால்வு உட்கார வைக்க நாங்கள் பட்டறையில் பூசுகிற தேய்ப்புப் பசைக்கும் அதற்கும் வித்தியாசமே கிடையாது. பிஸ்டன் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். ஆயில் எரிந்து நீலப் புகை வருகிறபோது தேய்மானம் முடிந்திருக்கும்.

இனி ஊதுவதைப் பற்றி. "காற்று அடித்தால் தூசி போய்விடுமே, காகிதம் வெள்ளையாகிவிடுகிறதே" என்று கேட்கிறீர்கள். வெள்ளையாகும்தான். ஃபில்டர் காகிதம் நோட்டுப் புத்தகக் காகிதம்போல இல்லை. நார்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அழுத்திய மெத்தை அது. தூசி அதன் மேற்பரப்பில் மட்டும் உட்காருவதில்லை, நார்களுக்குள்ளே போய்ச் சிக்குகிறது. நீங்கள் ஊதும்போது மேலே இருப்பது பறந்துவிடும், உள்ளே சிக்கியது அப்படியே இருக்கும். தவறான பக்கத்திலிருந்து ஊதினால் இன்னும் ஆழமாகப் போகும். எஞ்சின் அந்தக் காகிதத்தை இழுக்கிற இழுப்பு ஒரு பிஎஸ்ஐகூட வராது. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் இருப்பது 100 பிஎஸ்ஐக்கு மேல். அந்த வேகத்தில் நார்கள் விலகுகின்றன, மடிப்பின் முனைகள் கிழிகின்றன, பசை போட்டு ஒட்டிய ஓரங்கள் விட்டுக்கொள்கின்றன. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற அந்த வெள்ளை ஃபில்டர் அழுக்காக இருந்தபோது செய்த வேலையைக்கூட இனிச் செய்யாது. இன்னொன்றும் சொல்கிறேன், நம்பக் கஷ்டமாக இருக்கும்: காகித ஃபில்டரில் லேசாகத் தூசி படிந்த பிறகுதான் அது நுண்ணிய தூசியை இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. படிந்த தூசியே இடைவெளிகளைச் சுருக்கி அடுத்த தூசியைத் தடுக்கிறது. நடுவில் ஊதினால் அந்த நன்மையும் போகிறது.

சில வண்டிகளில் எண்ணெய் ஊறிய காகித ஃபில்டர் வரும். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். தூசியைப் பிடித்து வைக்கிற வேலையை அந்த எண்ணெய்தான் செய்கிறது. அதை ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது, பெட்ரோலில் முக்கவே கூடாது. மாற்றுவது மட்டும்தான். நுரைப் பஞ்சு (ஃபோம்) ஃபில்டர் கதை வேறு. அதைக் கழுவி, காயவைத்து, அதற்குரிய எண்ணெய் தடவிப் பிழிந்து போடலாம். வண்டியோடு கொடுத்த கையேட்டில் "குறைந்த அழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே ஊதலாம்" என்று அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். அச்சிடவில்லை என்றால் குழாயைக் கீழே வைத்துவிடுங்கள்.

நீங்களே மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகச் செய்யுங்கள். தூரம் போகிறவர்களுக்கு இந்த வேலை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அவசரமில்லாமல் செய்தால் முக்கால் மணி நேரம். பெட்ரோல் டேங்கைத் தூக்கினால்தான் ஃபில்டருக்குக் கை எட்டும் என்கிற வண்டியாக இருந்தால் மட்டும் முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில், அதாவது பெட்ரோலை எஞ்சினுக்குத் தெளித்துக் கொடுக்கிற வண்டியில், டேங்கிலிருந்து போகிற குழாய்க்குள் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கிறது. தெரியாமல் பிடுங்கினால் முகத்தில் பீய்ச்சும்.

முதல் நாளே வண்டியைக் கழுவிக் காயவையுங்கள். மூடியின் இடுக்கில் ஒரு கைப்பிடி மண் இருக்கும்போது திறந்தால் அந்த மண் எங்கே விழும் என்று யோசியுங்கள். தெரு ஓரத்தில் வைத்துத் திறக்காதீர்கள். கழற்றுகிற ஸ்குரூக்களை எந்த ஓட்டையில் இருந்ததோ அதே வரிசையில் ஒரு தட்டில் வையுங்கள். நீளமும் குட்டையும் கலந்திருக்கும். போனில் படம் எடுத்துக்கொண்டே போனால் பிறகு குழப்பமில்லை.

மூடியைத் திறந்ததும் உடனே ஃபில்டரைப் பிடுங்காதீர்கள். ஒரு நிமிடம் பாருங்கள். எனக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து வண்டி என்றால் பெட்டியைத் திறந்த கணமே தெரியும். நார் மில் தூள் பழுப்பாக, பஞ்சு மாதிரிப் பற்றியிருக்கும். உடுமலை வண்டியில் செம்மண். தோட்டத்து வீட்டில் நிற்கிற வண்டியில் எலி கூடு கட்டி, நெல் உமியும் கிழிந்த துணியும் கொண்டுவந்து அடைத்திருக்கும். ஃபில்டரையே கடித்தும் வைத்திருக்கும். ஃபில்டரின் அடிப்பாகம் எஞ்சின் ஆயிலில் ஊறியிருந்தால், பெரும்பாலும் யாரோ ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புது ஃபில்டர் போட்டால் அதுவும் ஊறிப்போகும்.

ஃபில்டரை நேராகத் தூக்குங்கள். சாய்க்காதீர்கள், தட்டாதீர்கள். தூக்கிய கையோடு எஞ்சினுக்குப் போகிற வாயை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். நூல் பிரியாத, அடர்த்தியான நிறத் துணி. நான் சிவப்பு வைத்திருக்கிறேன். அந்தத் துணியின் வெளி முனையில் வண்டிச் சாவியை முடிந்துவையுங்கள். சாவி கையில் இல்லாமல் ஸ்டார்ட் செய்ய முடியாது, சாவியை அவிழ்க்கப் போனால் துணி ஞாபகம் வரும். துணியை உள்ளேயே விட்டுவிட்டு மூடிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

அடைப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது, அதுதான் முக்கியம். ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, சுத்தமான பக்கத்தின் உள்சுவரில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் பழைய ஃபில்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தூசி வந்தால் துடைத்துவிட்டு மூடிவிடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்: விளிம்பா, காகிதமா, தளர்ந்த கிளாம்பா, வெடித்த ரப்பர் குழாயா. காரணம் தெரியாமல் புதிதை மாட்டினால் அடுத்த பயணத்திலும் அதே வழியாகத் தூசி போகும்.

அழுக்குப் பக்கத்தை ஈரத் துணியால் துடையுங்கள். அங்கேயும் காற்று அடிக்காதீர்கள். புது ஃபில்டரையும் பழையதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம், விளிம்பின் தடிப்பு, மூலைகள் எல்லாம் ஒன்றா என்று பாருங்கள். டூப்ளிகேட்டில் காகிதம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், விளிம்பில்தான் கோளாறு. ஒரு மில்லிமீட்டர் மெலிந்திருந்தாலும் மூடி அதை அழுத்தாது. வாங்கியதைப் பிரித்ததும் பின்னால் டார்ச் பிடித்துப் பாருங்கள், புதிதிலும் சில சமயம் ஓட்டை இருக்கும்.

உட்காரவைத்த பிறகு விளிம்பு முழுவதும் விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். மடிப்பு இருந்தால் விரலில் தட்டும். அந்தத் தம்பி இந்த ஒரு சுற்றைச் செய்திருந்தால் போதும், பாதித் தொல்லை போயிருக்கும். தூசிப் பாதையில் போகிறவர்களுக்கு நான் விளிம்பில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவி அனுப்புகிறேன். காகிதத்தில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. மூடியின் ஸ்குரூக்களை முதலில் எல்லாவற்றையும் கையால் பிடிக்கவிட்டு, பிறகு எதிரெதிராக முறுக்குங்கள். பிளாஸ்டிக்கில் போகிற ஸ்குரூ அது. பலத்தைக் காட்டினால் மரை கழன்றுவிடும், அந்த மூலையில் மூடி தூக்கிக்கொள்ளும்.

எப்போது மாற்றுவது? கையேட்டில் எத்தனை கிலோமீட்டர் என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு. மண் சாலையில் அதிகம் ஓட்டினால் அதில் பாதி. இடையில் "சும்மா திறந்து பார்க்கலாம்" என்கிற ஆசையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் மண் உள்ளே விழுகிறது, விளிம்பு கொஞ்சம் தளர்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இன்ஜெக்ஷன் தானே பெட்ரோலைக் குறைத்து ஈடுகட்டிவிடுவதால், பழைய கார்புரேட்டர் வண்டிபோல ஃபில்டர் அடைத்ததும் கரும்புகை வராது, மைலேஜும் பெரிதாக விழாது. ஆகவே மைலேஜை வைத்து ஃபில்டரை எடைபோடாதீர்கள். நீண்ட பயணம் என்றால் புதிது ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், இன்னொன்றை உறை பிரிக்காமல் பெட்டியில் வையுங்கள். எடையே இல்லாத சாமான் அது.

ஆற்றில் இறங்கி ஃபில்டர்வரை தண்ணீர் ஏறிவிட்டால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தள்ளிக்கொண்டு கரை ஏறுங்கள்.

தம்பியின் வண்டிக்கு வருகிறேன். உள்ளே பூச்சுப் போட்ட சிலிண்டர் அது. பழைய புல்லட் மாதிரிக் கடைந்து அடுத்த அளவு பிஸ்டன் போட முடியாது. சிலிண்டர், பிஸ்டன், ரிங் எல்லாமே புதிது. நானூறு ரூபாய் ஃபில்டருக்குப் பதிலாக முப்பத்தெட்டாயிரம் ரூபாய். பகுதி நேர வேலை பார்த்துப் படிக்கிற பையன். பில்லைப் பார்த்து அவர் பேசாமல் நின்றபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கூலியில் முடிந்ததைக் குறைத்தேன். புது ஃபில்டரை மட்டும் அவர் கையாலேயே மாட்டச் சொன்னேன். விளிம்பை விரலால் இரண்டு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூடியை எடுத்தார்.

பழைய ஃபில்டர் என் மேசையில்தான் இருக்கிறது. பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் வந்து பாருங்கள், டார்ச் பிடித்துக் காட்டுகிறேன். உங்கள் வண்டியில் நீங்கள் கழற்றிய ஃபில்டரைப் பற்றிச் சந்தேகம் இருந்தாலும் ஒரு பாலிதீன் பையில் போட்டு, ஊதாமல், தட்டாமல் கொண்டுவாருங்கள். பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு வேண்டாம்.